புறப்படாத பஸ்ஸில் ஒரு மாப்பிள்ளை

ராஜபாளையம் பஜாரில், கொட்டகைக்குச் சக்கரம் மாட்டிவிட்டது போன்ற ஒரு மோட்டார் பஸ். அதன் முன்வரிசைப் பலகையில், படுதா ஓரமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். தலையில் சரிகைத் தலைப்பாகை. உடம்பில் கறுப்புக் கோட்டு. மடியில் சிவப்பு நாடா கட்டிய கோர்ட்டுக் காகிதக் கட்டு. முகத்தில், வீடு பற்றி எரிகையில் கிணற்றுக் கயிற்றைத் தேடுகிறவனுடைய களை.

பஸ் நிற்கிறது. வெகு நேரமாக நிற்கிறது. டிரைவர் எதிர்க் காப்பி கிளப்பில் இட்டிலி தின்றுகொண்டிருக்கிறார். அவர் தின்று முடிப்பதற்கும் என் கல்யாணம் நடப்பதற்கும் சம்பந்தம் உண்டு.

எனக்கு உத்தியோகம் கிடைத்த வைபவத்தைப் போன வாரம் சொன்னேனல்லவா? போகிற போக்கில், அந்த உத்தியோகத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்றும் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு என் வீட்டிலிருந்தே கண்டனம் கிளம்பியிருக்கிறது. முழுசாகச் சொல், இல்லாவிட்டால் சொல்லாதே என்பது உத்தரவு. சொல்லிவிடுகிறேன்.

முந்தி வந்தவனுக்கே முழுத் தண்டனை

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் நகல் குமாஸ்தா. மற்றவர்கள் எழுதி வைத்ததைத் திரும்பவும் எழுதுவது என் வேலை. குடியிருப்பது ராஜபாளையத்தில். தினம் போய்த் தினம் வரவேண்டும். மோட்டார் பஸ் எங்கள் பக்கம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

அந்தப் பஸ்ஸுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் நிறைந்தால் புறப்படும். நிறையாவிட்டால் நிற்கும். ஆகவே முதலில் வந்து ஏறுகிறவன் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டும். பல் விளக்கி, பழையது சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு கடைசியில் வந்து தொற்றுகிறவன் ராஜா போல உடனே போய்விடலாம். சோம்பேறிகளுக்கு இவ்வளவு மரியாதை செய்த ஏற்பாட்டை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஜனங்களுக்கு இந்தச் சூட்சுமம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்டியடிக்கிற அதே ஜனங்கள், காலி பஸ்ஸைச் சுற்றி நின்றுகொண்டு, "நீங்க மொதல்ல ஏறுங்க" என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

பஸ் ஏஜெண்டு காதர் ராவுத்தர் இதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. அவர் சில பேரை அமர்த்தினார். அவர்களுக்கு வேலை, பஸ்ஸில் உட்காருவது. அவ்வளவுதான். பிரயாணம் கிடையாது. பஸ் பாதி நிறைந்தது போலத் தோன்றும். நிஜப் பிரயாணி ஒருவர் நம்பி ஏறினால், இவர்களில் ஒருவர் வெற்றிலை துப்பப் போகிறவர் மாதிரி இறங்கிப் போய்விடுவார். கூலி, கிளப்பில் இட்டிலியும் காப்பியும்.

அவர்களில் ஒருவர் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பல்வலிக்காரராம். நோயாளி இருந்தால் வண்டி சீக்கிரம் கிளம்பும் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்பது ராவுத்தரின் கணக்கு. அந்த ஆளுடைய பல்வலி இரண்டு அறுவடைக்கு நீடித்தது.

நடந்து போயிருக்கலாமே என்பீர்கள். கோட்டுப் போட்டவன் நடக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் ஒன்று அப்போது அமலில் இருந்தது. ஜட்கா பிடித்திருக்கலாமே என்பீர்கள். மோட்டார் வந்த கோபத்தில் ஜட்காக்காரர்கள் குதிரையை விற்றுவிட்டுக் கொத்தனார் வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஜட்கா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் சின்ன வயதில் ஜட்காதான். பாதி வழியில் ஒரு கிணறு வரும். எங்கள் ஜட்காவின் குதிரை அங்கே நின்றுவிடும். சாட்டையால் அடித்தாலும், தடவிக் கொடுத்தாலும், தன் இஷ்டத்துக்கு நின்று, தன் இஷ்டத்துக்குத்தான் கிளம்பும். நாங்களும் இறங்கி முகம் கழுவிக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். யாரும் பதறியதில்லை. ஏனென்றால் வக்கீல், கட்சிக்காரன், சாட்சி எல்லோருமே ஜட்காவில்தான் வருவார்கள். எல்லோரும் சேர்ந்து தாமதமானால் அதற்குத் தாமதம் என்று பெயரில்லை. மோட்டார் வந்த பிறகுதான் நேரம் என்கிற வியாதி எங்கள் பக்கம் பரவியது.

எழுந்து நிற்கச் சொன்னவள்

நான் பஸ்ஸில் அப்படித் தவித்த நாளுக்கு முந்தின வருஷம், நல்ல மழைக்குப் பிறகு அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தேன். அருவிக்கரையில் ஒரு குரங்கு என் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டது. அதை விரட்டிக்கொண்டு பாறைமேல் ஏறியவன் பாசியில் வழுக்கித் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. "முங்குதேன், முங்குதேன்" என்று நான் போட்ட சத்தத்தில் குரங்கே தலைப்பாகையைக் கீழே போட்டுவிட்டது.

கரையில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, கையில் அகப்பையோடு வந்து பார்த்தாள்.

"செத்த எந்திரிச்சு நின்னுதான் பாருங்களேன்" என்றாள்.

நின்றேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இருந்தது, இளக்காரம் இல்லை. உலகத்தில் என் பயத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஏராளம். வழியும் சொல்லிவிட்டுச் சிரித்தவள் அவள் ஒருத்திதான். விசாரித்ததில், கூமாப்பட்டியில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவரின் மகள், சித்தியோடு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி, தரகரை அனுப்பும் வரையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூமாப்பட்டியின் சந்தேகம்

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பெண்ணின் தகப்பனார் கூமாப்பட்டியில் நஞ்சையும் தென்னையும் உள்ளவர். மாப்பிள்ளை கோர்ட்டு உத்தியோகம் என்றதில் அவருக்குத் திருப்தி. ஆனால் தரகர் சொன்னதை மட்டும் நம்பி மாடு வாங்காதவர், மாப்பிள்ளையை எப்படி வாங்குவார்? ராஜபாளையம் பஜாரில் ஆள் விட்டு விசாரித்திருக்கிறார். வெற்றிலைக் கடைக்காரர் பளிச்சென்று பதில் சொல்லியிருக்கிறார். அவரா, தெனம் காலையில பஸ்ஸுல உக்காந்திருப்பாரே, முன்வரிசைல, நல்ல கோட்டுப் போட்டிருப்பாரு, என்று.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தினமும் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை நிற்கிற பஸ்ஸில் என்னைப் பார்க்கிறவர், நான் கோர்ட்டுக்குப் போவதை எப்போது பார்த்தார்?

கூமாப்பட்டியில் முடிவு கட்டிவிட்டார்கள். கோர்ட்டாவது உத்தியோகமாவது, பயல் ராவுத்தருடைய இட்டிலி ஆள்.

தரகர் தலைதெறிக்க ஓடி வந்து சேதி சொன்னார். பெண்ணின் தகப்பனார் நாளைக் காலை கோர்ட்டுக்கே வருகிறார். மணி அடிக்கும் வேளைக்கு நான் என் நாற்காலியில் இருப்பதைக் கண்ணால் பார்த்தால் தாம்பூலம். நாற்காலி காலியாக இருந்தால், வத்திராயிருப்பில் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

அன்று ராத்திரி நான் தூங்கியதாக ஞாபகமில்லை.

நிறைந்த பஸ்

மறுநாள் பஜாருக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பஸ் நிறைந்திருந்தது. அதுவும் பல்வலிக்காரர் இல்லை, இட்டிலி முகங்கள் ஒன்றுகூட இல்லை. மலையடிவாரத்து ஜனங்கள், ஆணும் பெண்ணுமாக, மூட்டையும் கூடையுமாக அடைந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் என் இடம் மாத்திரம் காலி. தெய்வம் உண்டு என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

ஏறி உட்கார்ந்து, காகிதக் கட்டை மடியில் வைத்து, நிம்மதியாக ஒரு மூச்சும் விட்டேன். டிரைவர் இல்லாவிட்டாலும் காரியம் நடக்கட்டும் என்று ராவுத்தர் இரும்புக் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றினார். எஞ்சின் இருமிற்று. பிறகு பஸ் முழுவதும், சாமி வந்த பூசாரி மாதிரி, உதறிக்கொண்டு ஆடியது.

அவ்வளவுதான். மூட்டை, கூடை, கைக்குழந்தை சகிதம் பஸ்ஸில் இருந்த ஜனம் மொத்தமும் இருபக்கமும் குதித்துவிட்டது. அவர்கள் பிரயாணிகளே அல்ல. சந்தைக்கு வந்தவர்கள். மோட்டார் என்றால் எப்படி இருக்கும் என்று ஏறி உட்கார்ந்து பார்க்க வந்தவர்கள். அது உயிரோடிருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பஸ்ஸில் மிஞ்சியது இரண்டே பேர். நானும், என் பக்கத்தில் ஒரு சம்சாரியும். வாட்டசாட்டமான மனிதர், தலையில் முண்டாசு, மடியில் துணிமூட்டை, வெயிலில் வெந்த முகம்.

இந்த இடத்தில் உங்களைக் காக்க வைக்க எனக்கு இஷ்டமில்லை. அவர்தான் கூமாப்பட்டிக்காரர். பெண்ணின் தகப்பனார். முந்தின நாளே ராஜபாளையம் வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் கடைக்காரர் பஸ்ஸையும் என் இடத்தையும் காட்ட, எனக்கு முன்னால் வந்து பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டார். நான் பாதியில் இறங்கினால் இட்டிலி ஆள், இறங்காவிட்டால் பிரயாணி. இதைப் பார்ப்பதற்காகவே வந்திருக்கிறார். உங்களுக்கு இது தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"எல்லாரும் எறங்கிட்டாவ. நீங்க எறங்கலையா?" என்று கேட்டார் அவர், ரொம்ப சாதாரணமாக.

"எறங்கத்தான் போறேன்" என்றேன்.

என் முகம் ஒரு விளம்பரப் பலகை

நிஜமாகவே எழுந்தேன். இந்தப் பஸ்ஸை நம்பினால் பெண் வத்திராயிருப்புக்குப் போய்விடும், கோட்டும் வேண்டாம் கௌரவமும் வேண்டாம், ஓடியாவது போவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு காலை வெளியிலும் வைத்தேன். மறு கால் வரவில்லை. கோட்டின் வால் பலகை ஆணியில் மாட்டிக்கொண்டு என்னைப் பின்னால் இழுத்தது. வாலை விடுவிக்க நான் திண்டாடுவதைச் சம்சாரி பார்த்துக்கொண்டேயிருந்தார். உதவிக்குக் கை நீட்டவில்லை. அப்போது எனக்கு அது வருத்தமாக இருந்தது.

அதற்குள் ராவுத்தர் ஓடி வந்து என் காலைப் பிடித்துவிட்டார். நிஜமாகவே வெளியே தொங்கிய என் காலை.

"அய்யா, நீங்க எறங்கிட்டா எம் பொழப்பு போச்சு. தெனம் ஒங்கள முன்னால உக்கார வைக்கது எதுக்குன்னு நெனச்சிய? மொகத்துல அம்புட்டு அவசரம். அதப் பாக்கவன், வண்டி இந்தா கெளம்பிட்டுன்னு ஓடியாந்து ஏறுதான்."

முன்வரிசை இடம் கோர்ட்டு உத்தியோகத்துக்குச் செய்கிற மரியாதை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கூமாப்பட்டியின் சந்தேகம் சரிதான். நானும் உட்காருகிற ஆள்தான். பல்வலிக்காரருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், எனக்கு இட்டிலி கிடையாது.

ராவுத்தர் போட்ட கணக்கில் தப்பில்லை என்பதும் அந்தக் கணமே தெரிந்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, தலைப்பாகை சரிந்து, கண் பிதுங்க நான் நின்ற கோலத்தைப் பஜார் பார்த்தது. வண்டி நகர ஆரம்பித்துவிட்டது, குமாஸ்தா ஓடி ஏறுகிறார் என்று நினைத்து நாலாபக்கமிருந்தும் ஜனம் ஓடி வந்தது. உள்ளே ஏறியவர்கள் என்னையும் சேர்த்து உள்ளே தள்ளி உட்கார வைத்துவிட்டார்கள். இறங்க இனி வழியில்லை.

பஸ் நிறைந்துவிட்டது. டிரைவர் மட்டும் வரவில்லை. ராவுத்தர் வாசலில் நின்று கெஞ்ச, கிளப்புக்குள்ளிருந்து டிரைவர் தெலுங்கில் "ஒஸ்தா, ஒஸ்தா" என்று வருவதாகச் சொல்லிக்கொண்டே இன்னொரு ஈடு இட்டிலிக்குச் சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்து டிரைவரை யாரும் அதட்ட முடியாது. கலெக்டருக்கு அடுத்தபடி அவர்தான்.

பதற்றம் முற்றினால் எனக்கு வாய் நிற்காது. பக்கத்துச் சம்சாரியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கூமாப்பட்டியில் ஒரு மனிதர் இருக்கிறார், சந்தேகமே உருவானவர், மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல என் நாற்காலியைப் பிடித்துப் பார்க்க வருகிறார் என்றேன். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், பழைய காகிதக் கட்டு ஒன்றை முட்டுக்கொடுத்துத்தான் உட்காருகிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவிய பாக்க எப்படி இருப்பாவ என்று விசாரித்தார் அவர். பார்த்ததில்லை, ஆனால் பார்க்கச் சகிக்காது என்று ஊகம் என்றேன். அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "அம்புட்டுக் கஷ்டத்துல அந்தப் பொண்ணுதான் வேணுமாக்கும்? ஊருல வேற பொண்ணே இல்லையா?"

அருவிக் கதையைச் சொன்னேன். குரங்கு, பாசி, முழங்கால் தண்ணீர் ஒன்றும் விடவில்லை. "நான் பயந்தாங்கொள்ளின்னு அவளுக்கு முதல்லயே தெரியும். இனிமே தெரிஞ்சு ஏமாற ஒண்ணுமில்ல. வேற பொண்ணுன்னா நான் முதல்லேருந்து தைரியசாலியா நடிக்கணும். என்னால முடியாது" என்று முடித்தேன்.

அவர் முண்டாசை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். மூட்டையை மடியிலிருந்து கீழே வைத்தார். தலையை வெளியே நீட்டி, கிளப்பைப் பார்த்து, வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஏர்மாட்டை அதட்டுகிற குரலில் ஒரே ஒரு தரம் கூப்பிட்டார்.

"ஏ டிரைவரே, தின்னது போதும். எந்திரிச்சு வாரும்."

டிரைவர் கை கழுவாமல் ஓடி வந்தார்.

பருத்தி வண்டிகளும் கோபுரமும்

புறப்பட்டதைப் போய்ச் சேர்ந்ததாக நினைத்துக்கொள்வது என் வழக்கம். பஜாரைத் தாண்டுமுன்னே பருத்தி வண்டிகள். ஜின்னிங் ஆலைக்குப் போகிறவை, கண்ணுக்கெட்டிய மட்டும் ஒன்றின் பின் ஒன்றாக. வண்டிக்காரர்கள் பொதிமேல் தூங்குகிறார்கள். டிரைவர் ரப்பர்க் குமிழை அமுக்கினார். ஆரன் சத்தத்தில் மாடுகள் மிரண்டு குறுக்கே திரும்ப, தெரு முழுவதும் கொம்பும் பொதியும் வசவும். நான் தலைப்பாகையைக் கழற்றி மாடுகளைக் கும்பிட்டேன்.

வெளியே வந்தால் எஞ்சின் கொதித்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கோட்டோடு நானும் தள்ளினேன். எனக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தவர் சம்சாரிதான். நான் தள்ளுவது போல முனகினேன் என்றும், வண்டி நகர்ந்தது அவரால் என்றும் இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது. வெகு தூரத்திலிருந்தே தெரிகிற கோபுரம் அது. வந்துவிட்டோம் என்ற பிரமையைக் கொடுத்து மனிதனை வதைப்பதில் அதற்கு நிகரில்லை. ஊருக்குள் நுழைந்த பிறகு இன்னொரு வழக்கம். ஏறினவர்களை அவரவர் வாசலில் இறக்கிவிடுவதாக ஏற்றும்போதே ராவுத்தர் வாக்குக் கொடுத்திருப்பார். ஆகையால் பஸ் ரதவீதியைச் சுற்றும், சந்துக்குள் மூக்கை நுழைக்கும், பின்வாங்கும். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். டிரைவர் நின்று குடித்தார்.

எங்கேயோ மணி அடிப்பது கேட்டது. கோர்ட்டு மணி.

ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தேன் என்று எழுத ஆசைதான். நின்ற பஸ்ஸிலிருந்துதான் குதித்தேன். கோட்டின் வால் ஆணியிலேயே தங்கிவிட்டது. பூக்கடை, பாத்திரக்கடை, பசுமாடு, வக்கீல் வீட்டு வாசல் எல்லாவற்றையும் தாண்டி, பின்கதவு வழியாகக் கோர்ட்டுக்குள் நுழைந்தேன். தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியில் விழுந்தேன். பேனாவை மையில் தோய்த்து, பிறந்ததிலிருந்து அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாரா, இனிமேல்தான் வருவாரா? மறுபடி வாசலை எட்டிப் பார்த்ததில் ஒரு தீர்ப்பின் தலையில் மைத்துளி விழுந்தது.

உட்கார்ந்த மேனிக்கு

செத்த நேரத்துக்கெல்லாம் டவாலிச் சேவகர் வந்து, கூமாப்பட்டியிலிருந்து என்னைப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லி ஒதுங்கி நின்றார்.

அவர் ஒதுங்கிய இடத்தில் பஸ் சம்சாரி நின்றார். முண்டாசு கையில் இருந்தது. மடியில் பார்த்த துணிமூட்டை இப்போது தோளில்.

சந்தேகமே உருவானவர். பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர். பார்க்கச் சகிக்காதவர். நான் சொன்னது ஒவ்வொன்றும், சாட்சிக் கூண்டில் ஏறுவது போல, வரிசையாக என் காதுக்குள் வந்து நின்றது. பதறி எழுந்தேன். முட்டுக்கொடுத்த கட்டு நழுவி நாற்காலி சாய்ந்தது.

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் அவர். "உக்காந்த மேனிக்குப் பாக்கத்தான வந்தேன்."

கட்டை மறுபடி முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் நின்று பார்த்தார். சிரஸ்தார் பார்த்தார். சேவகர் பார்த்தார். இவ்வளவு பேர் பார்க்க நான் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது, ராவுத்தருடைய பஸ்ஸுக்கு வெளியே, அதுதான் முதல் தடவை.

"நீங்க பஸ்ஸுல சொன்னதெல்லாம் எம் மகட்ட சொல்லணும்" என்றார் அவர். "அவ சிரிப்பா."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"மாப்ளே, முகூர்த்தத்துக்கு மட்டும் பஸ்ஸுல வந்துராதிய. நடந்து வாங்க."

கூமாப்பட்டிக்கு நடந்துதான் போனோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடியுமுன்னே, நானும் என் மனிதர்களும், தாலியும் கூறைப்புடவையும் எடுத்துக்கொண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் எட்டுமுன், புளியமர நிழலில் ராவுத்தருடைய பஸ் எஞ்சின் கொதித்து நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போகையில் உள்ளே உட்கார்ந்திருந்த ஜனங்கள் எட்டிப் பார்த்து, பாவம், கல்யாண மாப்பிள்ளை நடந்து போகிறாரே என்று எங்களுக்காக ரொம்பவும் இரக்கப்பட்டார்கள்.